தராசு தந்த சுதந்திரம்

சிங்கப்பூர் உணவங்காடியின் 'மாலா' என்னும் சீனக் கார உணவுக் கடையில் கிண்ணமும் இடுக்கியும் நம் கையில். தாமரைத்தண்டு, காளான், கீரை, நூடுல்ஸ் என்று வேண்டியதை அள்ளிக்கொள்ளலாம். மலிவு, அதோடு சுதந்திரமும் என்கிறார்கள். ஆனால் 100 கிராமுக்கு இவ்வளவு என்று விலை பேசுவது தராசு. கழுவிய கீரையில் சொட்டும் தண்ணீருக்கும் காசு உண்டு. "வேண்டியதை மட்டும் எடுத்தால் வீணாகாதே?" என்பது நியாயமான கேள்விதான், ஆனால் இடுக்கி வயிற்றின் பேச்சைக் கேட்பதில்லை, கண்ணின் பேச்சைத்தான் கேட்கிறது. ருசியைத் தீர்மானிக்கும் மசாலாவோ சமையற்காரர் வசம். காரம் குறைவா, நடுத்தரமா, அதிகமா என்பதில் மட்டும் நமக்கு வாக்குரிமை. 'மா' என்றால் மரத்துப்போதல், 'லா' என்றால் காரம். சிச்சுவான் மிளகு நாக்கை மரக்கச் செய்தபின், பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது எது என்றே தெரியாது. பெரும்பாலும் காசை முதலிலேயே வாங்கிவிடுவது அதனால்தான் போலும்.