குப்பி எங்கே வேலை செய்கிறது? ஆக்டேன் ஊக்கி குறித்த ஒரு பரபக்க விசாரணை

பனி வண்டிக்காரருக்குத் தொழிற்சாலை கொடுத்த இஞ்சின் ஒருநாளும் போதுவதில்லை. 1959-இல் கியூபெக் மாகாணத்து வால்கூரில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே ஸ்கி-டூ என்ற பனி வண்டியைக் கொண்டுவந்தபோது, பனியில் சிக்காமல் ஊர் போய்ச் சேர்ந்தாலே பெரிய காரியம். 1964-இல் விஸ்கான்சினின் ஈகிள் ரிவரில் பந்தயம் தொடங்கியது. போய்ச் சேருவதைவிட முதலில் போய்ச் சேருவது முக்கியமாகிவிட்டது. டூ-ஸ்ட்ரோக் இஞ்சினின் ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனைக் கூட்டுவது, புகைக்குழாயை மாற்றுவது, டைமிங்கை முன்னே தள்ளுவது எல்லாம் குளிர்காலச் சடங்குகளாயின. சடங்கின் நிறைவாக, கடையில் வாங்கிய ஒரு சிறு குப்பி பெட்ரோல் டாங்க்கில் கவிழ்க்கப்படுகிறது. ஆக்டேன் ஊக்கி என்று பெயர். அது வேலை செய்யும் இடம் இஞ்சின் என்பது உலக வழக்கு. பெரும்பகுதி வேலை ஹெல்மெட்டுக்குள்ளேதான் நடக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

பிரமாணம் குப்பியின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. ‘7 புள்ளி உயரும்’ என்று அட்டை சொன்னால், 91 ஆக்டேன் பெட்ரோல் 98 ஆகிவிடும் என்று வாங்குபவர் மனக்கணக்குப் போடுகிறார். இந்த வணிகத்தில் பெரும்பாலும் ஒரு புள்ளி என்பது ஆக்டேன் எண்ணில் பத்தில் ஒரு பங்கு. ஆக, கிடைப்பது 91.7. அட்டை பொய் சொல்லவில்லை. கணக்கை வாங்குபவரிடம் விட்டுவிட்டது, அவ்வளவுதான். நிஜமாகவே இரண்டு மூன்று எண் உயர்த்த வேண்டுமானால் டொலுவீன் போன்ற சரக்கைப் பத்தில் ஒரு பங்காவது கலக்க வேண்டும். 40 லிட்டர் டாங்க்குக்கு 4 லிட்டர். அரை லிட்டர்கூட இல்லாத குப்பி அதற்கு எம்மாத்திரம்? இருந்தும் துளியில் நம்பிக்கை பிறந்ததற்குக் காரணம் உண்டு. 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி கண்ட ஈயச் சேர்மம் ஒரு காலனுக்கு 3 மில்லிலிட்டர் அளவிலேயே நாக்கிங்கை, அதாவது கலவை முறைதவறித் தானாக வெடிப்பதை, அடக்கியது. ஈயம் சாலைப் பெட்ரோலைவிட்டுப் போய்விட்டது. துளி போதும் என்ற பக்தி மட்டும் போகவில்லை.

பரபக்கத்தை, அதாவது எதிர்த்தரப்பை, கேளாமல் சுபக்கம் நாட்டுவது மரபன்று. “ஊற்றிய பிறகு வண்டி நன்றாக இழுக்கிறதே” என்பது முதல் வாதம். ஆக்டேன் எண் சூட்டையோ சக்தியையோ அளப்பதன்று; பிளக் பற்றவைத்த தீ வந்து சேருமுன் ஓரத்துக் கலவை தானாக வெடித்துவிடாமல் பொறுத்திருக்கும் குணத்தை அளப்பது. அப்படி வெடிக்காத இஞ்சினுக்குக் கூடுதல் பொறுமை கொடுத்து என்ன பயன்? சில புதிய வண்டிகளில் நாக்கிங்கை உணர்ந்து டைமிங்கைப் பின்னிழுக்கும் சென்சார் இருக்கிறது. அங்கே இழந்த இழுவை கொஞ்சம் திரும்பலாம் என்பதை ஒப்புக்கொள்வோம். மற்றபடி இழுப்பது கொடுத்த காசு. இங்கேதான் குப்பியின் தனிச்சிறப்பு: மாற்றாத இஞ்சினுக்கு அது தேவையில்லை, மாற்றிய இஞ்சினுக்கு அது போதவில்லை.

“போதாவிட்டால் நாலு குப்பி ஊற்றுவோம்” என்பார் அடுத்தவர். ஈயத்தின் பரம்பரையில் வந்த மாங்கனீஸ் சேர்மம் சில குப்பிகளில் உண்டு, வேலை செய்யும். ஆனால் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் செங்காவிப் பொடி படிந்திருக்கும். அளவு மிஞ்சினால் பொறியே தடுமாறும். நாலு குப்பியின் விலைக்குப் பந்தயப் பெட்ரோலையே விசாரிக்கலாம்.

“ஊற்றாதவன் பிஸ்டன் ஓட்டையாயிற்று, ஊற்றியவன் தப்பினான்” என்பது பரபக்கத்தின் பிரம்மாஸ்திரம். பிஸ்டன் தலையின் ஓரம் எலி கொறித்ததுபோல் ஆகியிருப்பதும், பிளக்கின் பீங்கானில் அலுமினியப் பொட்டுகள் ஒட்டியிருப்பதும் நாக்கிங்கின் சாட்சிகள்; மறுக்கவில்லை. ஆனால் நாக்கிங்குக்குத் தாய் யார்? மைனஸ் 30 டிகிரியில் காற்று அடர்த்தியாகிறது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் பழைய மெயின் ஜெட்டே இருந்தால் பெட்ரோல் பற்றாமல் சூடு ஏறுகிறது. குற்றவாளி ஜெட், குப்பிக்கு அதை மாற்றத் தெரியாது. மலைமேல் நிலைமை இன்னும் வேடிக்கை. காற்று மெலிவதால் ஆக்டேன் தேவையே இறங்குகிறது. கொலராடோவில் சாதாரணப் பெட்ரோலே 85 என்று விற்கிறது. அந்த உயரத்தில் குப்பி கவிழ்ப்பது தூய பக்தி.

ஆகவே தீர்ப்பு இது: ஹெட்டைச் சீவியவர் அந்தக் கம்ப்ரஷனுக்கு ஏற்ற பெட்ரோலை வாங்கட்டும், அல்லது சீவாத ஹெட்டையே திரும்பப் பூட்டட்டும். குளிருக்கு ஏற்ப ஜெட்டை மாற்றட்டும், பிளக்கை அடிக்கடி கழற்றிப் பார்க்கட்டும். குப்பி வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அட்டையிலுள்ள எண்ணைப் பத்தால் வகுத்துவிட்டுப் பணத்தை நீட்டுங்கள்.