புள்ளி வைக்காத சொக்கலிங்கம்

ஆக்லாந்து,
ஆடிப்பெருக்கு அன்று.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எல்லோரும் சுகம். அங்கே ஆடிக்காற்று அடிக்கும், இங்கே நடுக் குளிர்காலம். வாட்ஸ்அப் இருக்க இவன் ஏன் தபால்தலை ஒட்டுகிறான் என்று நினைப்பாய். உனக்கு வருகிற வாட்ஸ்அப்பையெல்லாம் அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடுவீட்டில் உரக்கப் படிக்கிறார், அம்மா கட்டிலில் சாய்ந்தபடி ஒரு சொல் விடாமல் கேட்கிறாள். இந்தச் சங்கதி அம்மா காதுக்கு இப்போதைக்குப் போகக்கூடாது. அத்தான் கேட்டால் நிலப்பட்டா சம்பந்தமாக எழுதியிருக்கிறான் என்று சொல். பட்டா என்றால் அவர் பக்கத்திலேயே வரமாட்டார்.

கயல் பச்சை குத்திக்கொள்ளப் போகிறாள்.

தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

பத்தொன்பது வயதாகிவிட்டது. இந்த ஊர் வழக்கப்படி அவள் எங்களிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள். மீனா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், “எங்க?” என்றாள். இவள் “கே ரோடு” என்றாள். ஆக்லாந்தில் கரங்கஹாபே ரோடு என்று ஒரு தெரு, வாயில் நுழையாததால் எல்லோருக்கும் அது கே ரோடு. மீனா கேட்டது கடையை அல்ல. மகளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்து, “அது எந்த இடம்டி?” என்றாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லை.

நான் கத்தவில்லை அக்கா. கத்தினால் செல்லுபடியாகிற ஊரா இது? இங்கே பச்சை குத்தாதவர்களைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டால் வருகிறவர் கழுத்தில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. பல் டாக்டர் கையுறையைக் கழற்றினால் மணிக்கட்டில் ரோஜாப்பூ. ஊழியர்களின் பச்சை வெளியே தெரியக்கூடாது என்று வைத்திருந்த விதியை ஏர் நியூசிலாந்துக்காரர்களே 2019இல் தூக்கிவிட்டார்கள். மாவோரிப் பெண்கள் மோவாயில் குத்திக்கொள்கிற மோகோவோடு நனையா மகூட்டா 2016இல் பார்லிமென்டில் உட்கார்ந்தார், பிறகு வெளியுறவு மந்திரியும் ஆனார். அதே மாதிரி மோவாயோடு ஓரினி கைபாரா 2021இல் டி.வி.யில் முக்கிய நேரச் செய்தி வாசித்தார். ‘நாளைக்கு உனக்கு வேலை கிடைக்காது’ என்று நான் வைத்திருந்த ஒரே அஸ்திரமும் இப்படிப் போய்விட்டது.

சரி, தடுக்க முடியாததைக் கணக்கிலாவது கொண்டுவரலாம் என்று என் தொழில் புத்தியைக் காட்டினேன். எக்ஸெல்லில் ஓர் அட்டவணை. இடது ஓரத்தில் உடம்பின் பாகங்கள். மேலே வலி, வெயில், சீக்கிரம் மங்குமா, கல்யாண வீட்டில் தெரியுமா, அம்மா கண்ணில் படுமா என்று தலைப்புகள். விலா எலும்பின் மேல் உயிர் போகும். விரலிலும் உள்ளங்கையிலும் குத்தினால் தேய்ந்து தேய்ந்து சீக்கிரமே மங்கும். முதுகில் குத்தினால் காசு நம்முடையது, காட்சி அடுத்தவனுக்கு. அவள் முதலில் கேட்டது கணுக்காலில் ஓம். “சாமியைக் காலிலயா?” என்று நானும் மீனாவும் ஒரே குரலில் கேட்டோம். இருபத்திரண்டு வருஷ தாம்பத்தியத்தில் அப்படி ஒருமித்துப் பேசியது அதுதான் இரண்டாம் தடவை. இடுப்புக்குக் கீழே தெய்வம் கிடையாது, இடுப்புக்கு மேலே அப்பா பார்வையில் எதுவும் கிடையாது என்று நிபந்தனை போட்டேன். எக்ஸெல் கடைசியில் இரண்டு இடங்களை மிச்சம் வைத்தது: காது மடலின் பின்புறமும் கட்டைவிரல் நகமும். நகத்தில் குத்த முடியாதாம்.

அடுத்து டிசைன். தாமரை, இறகு, நிலா என்று தினம் ஒன்றைக் காட்டினாள். ஒருநாள் பெரணியின் தளிர் சுருள் விரிகிற மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தாள். கோரு என்பார்கள், மாவோரிகளின் செதுக்கு வேலையில் எங்கே பார்த்தாலும் இருக்கும். எனக்கே பிடித்துவிட்டது. அதைக் கெடுத்தது அவளுடைய தோழி. அந்தப் பெண் மாவோரி, ஆறடி உயரம், நம் வீட்டுக்கு வந்தால் மூன்று தட்டு இடியாப்பம் சாப்பிடுவாள். “மோகோங்கிறது எங்க வம்சாவளி. யாரு பேத்தி, எந்த ஊரு, எந்த மலை, எல்லாம் அதுல இருக்கும். உன் கையில அதை வச்சிக்கிட்டு யாரு கதையச் சொல்லப்போற?” என்று கேட்டுவிட்டாள். வெளியாளுக்கென்று கிரிதுஹி என ஒரு வகை உண்டாம், அதைப் போட்டுக்கொள்ளலாமாம். சொல்லிவிட்டு அடுத்த கேள்வியையும் போட்டாள்: “உங்க பாட்டிமாருக்கு எதுவும் கிடையாதா?”

கயல் என்னைப் பார்த்தாள். நான் இட்லிப்பொடியைப் பார்த்தேன். அப்பத்தா கையை அவள் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். நாலு வயதில் அந்தக் கையில்தான் தலைவைத்துத் தூங்கினாள், எப்படி மறப்பாள்?

உனக்குத் தெரியாத கதையில்லை, ஆனாலும் கயலுக்குச் சொன்ன வாக்கில் எழுதுகிறேன். கல்யாணமான வருஷம், அழகர் ஆற்றில் இறங்கின அன்று, வைகைக் கரையில் குறத்தி முன்னால் அம்மா கையை நீட்டினாள். கூலி நாலணா. மஞ்சளும் அகத்திக்கீரையும் துணியில் முடிந்து எரித்த கரி, தாய்ப்பாலில் குழைத்தது, சேர்த்துக் கட்டின ஊசிகள். உள்ளே போவது கரி, வெளியே தெரிவது பச்சை. முதலில் கோலம், அதற்குக் கீழே அப்பா பெயர். மூன்றாம் எழுத்தில் அம்மா அழ ஆரம்பிக்க, அப்பா ஓடிப்போய்ப் பருத்திப்பால் வாங்கி வந்தாராம். அந்தப் பதற்றத்திலோ என்னவோ, சொக்கலிங்கத்தின் முதல் ககரத்துக்கு மேலே புள்ளி விழவில்லை. சொககலிங்கம் ஆகிவிட்டார். எழுத்து முழுவதையும் புள்ளி புள்ளியாகவே குத்தி எழுதினவள், வைக்க வேண்டிய ஒரு புள்ளியை மட்டும் விட்டுவிட்டாள்!

அறுபது வருஷமாக அம்மா அப்பா பெயரை வாயால் சொன்னதில்லை, கையைத்தான் நீட்டுவாள். கணக்கெடுக்க வந்தவர் கையைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டு போனார். கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு கையையும் நீட்ட, ‘சொகக’ என்று ஆரம்பித்த குருக்களுக்கு அங்கேயே புரையேறிவிட்டது. அப்பாவை நான் ரகசியமாகச் ‘சொகக’ என்று சொன்னதற்கு நீ என் மண்டையில் ஸ்லேட்டால் அடித்தாய். தழும்பு இருக்கிறது. அதுவும் ஒருவகைப் பச்சைதான்.

கதையைக் கேட்டதும், அப்பத்தா மாதிரியே கோலமும் தாத்தா பெயரும்தான் என்று கயல் முடிவு செய்துவிட்டாள். போன சனிக்கிழமை நானும் கூடப் போனேன், கடையைப் பார்க்க. ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம், ஊசியெல்லாம் ஒருமுறை பயன்படுத்தி எறிவது. குத்துகிறவர் சமோவாக்காரர், கதவை அடைக்கிற உடம்பு. என்னை ‘அங்கிள்’ என்றார். அவருக்கே இடுப்பிலிருந்து முழங்கால்வரை பேயா என்கிற பாரம்பரியப் பச்சை இருக்கிறது. மெஷினில் குத்தியதல்ல, சீப்பு மாதிரி பல் வைத்த கருவியைத் தோலில் வைத்துச் சிறு கழியால் தட்டித் தட்டிக் குத்தியது. வலி தாங்காமல் பாதியில் எழுந்தால் ஆயுசுக்கும் அவமானமாம். டாட்டூ என்ற சொல்லே எங்கள் தீவுப் பக்கத்துத் ‘தடாவ்’தான், 1769இல் கேப்டன் குக்கின் கப்பல் டஹிட்டிக்குப் போனபோது இங்கிலீஷ்காரர்கள் அள்ளிக்கொண்டு போனது என்றார். சொல்லை மட்டுமா அள்ளினார்கள் என்று நான் கேட்டதற்கு அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி அதிர்ந்தது.

விவரமானவர். மேல்தோல் மாதா மாதம் உதிர்ந்து புதிதாகிறதால் ஊசி அதற்கும் கீழே போக வேண்டும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர். கொஞ்சம் ஆழம் கூடினால் மட்டமான நோட்டில் மை ஊறுகிற மாதிரி ஊறிவிடும். உள்ளே போன மையை நம் உடம்பின் காவல் செல்கள் விழுங்குமாம், செரிக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுமாம். அது செத்தால் அடுத்தது வந்து அதே மையை விழுங்கி அதே இடத்தில் உட்காரும். பந்தியில் இலை மாறுகிறது, இடம் மாறுவதில்லை.

பிறகு தமிழ் வந்தது, தகராறும் வந்தது. கயல் தாத்தா பெயரைத் தட்டிக் கொடுக்க, அவருடைய டேப்லெட்டில் சொகரத்தின் கொம்பு சகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது, பக்கத்தில் புள்ளிக்கோட்டில் ஒரு வட்டம். இகரக் கொக்கி லகரத்தை விட்டு ஒரு விரல்கடை தள்ளி அந்தரத்தில். “அழகா இருக்கு அங்கிள்!” என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் கிடங்கில் ஒரு வெள்ளைக்காரப் பையன் இருக்கிறான். தமிழில் ‘வலிமை’ என்று கெண்டைக்காலில் குத்தச் சொன்னான், இடம் பற்றாமல் இரண்டு வரியாக மடக்கிவிட்டார்கள். மேலே வலி, கீழே மை. சரியா என்று என்னிடம் காட்டினான். வலியும் மையும்தானே, இதைவிடச் சரியாக யாரும் எழுத முடியாது என்றுதான் சொன்னேன்.

தமிழ் எழுத்து இந்தத் தேசத்துக்குப் புதிதும் இல்லை தெரியுமா? வெலிங்டன் மியூசியத்தில் ஒரு வெண்கல மணி, முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பல் மணி என்று தமிழில் பொறித்தது. கொலென்சோ என்ற பாதிரியார் கண்டெடுத்தபோது மாவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்துப்போட்டு உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்களாம். தமிழ் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது, வந்த இடத்தில் சோற்றுக்கு உதவியிருக்கிறது.

எழுத்து எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் இன்னொரு அரைமணி நேரம். குனிந்தால் அவளுக்கு நேராகத் தெரிய வேண்டும் என்றேன் நான், அவள் கை, அவள் காசு. எதிரே நிற்கிறவருக்கு நேராக இருப்பதுதான் முறை என்றார் அவர். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கணக்கெடுக்க வந்தவரிடம் கை நீட்டினது ஞாபகம் வந்தது. அவர் தலையைச் சாய்க்காமல் கடகடவென்று படித்தாரே! குறத்திக்குத் தெரிந்த முறை கே ரோட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டேன். எக்ஸெல் பார்த்து வைத்திருந்த காது மடலும் அத்தோடு போயிற்று. அப்பத்தாவுக்கு எங்கேயோ அங்கேயேதான், வலது முன்கை உட்புறம். தையில் உன் மகன் கல்யாணத்துக்கு முழுக்கை ரவிக்கை என்று மீனா இப்போதே தைக்கக் கொடுத்துவிட்டாள்.

கடைசியாக அந்தப் புள்ளி. காகிதத்தில் நானே பெரிதாக எழுதி, ககரத்தின் மேல் ஒரு புள்ளியும் வைத்துக் கொடுத்தேன். கயல் அதை விரலால் மறைத்துக்கொண்டு, “இது தாத்தா பேரு. எனக்கு வேண்டியது அப்பத்தா கை” என்றாள். தப்புத் தமிழோடு ஆயுசு முழுக்க அலைவாயா என்றேன். ஓலைச்சுவடியில் புள்ளியே வைக்கமாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும், படிக்கிறவர்தான் போட்டுப் படிக்க வேண்டும் என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். நீதானாம். போன தடவை ஊருக்கு வந்தபோது திண்ணையில் வைத்துப் பாடம் எடுத்தாயாம். முப்பது வருஷம் தமிழாசிரியையாக இருந்து நீ உருவாக்கினதில் எனக்கு எதிராகத் திரும்பியது இது ஒன்றுதான். குற்றம் குறத்தியுடையதா, சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்த அப்பாவுடையதா என்பது வேறு விசாரணை. சொக்கன் எழுதினதிலேயே குற்றம் கண்ட ஊர் நம்முடையது, இந்தச் சொக்கலிங்கம் எம்மாத்திரம்?

ஆகவே அக்கா, உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். அம்மாவின் வலது கையைப் படம் எடுத்து அனுப்பு. காலையில் முற்றத்து வெளிச்சத்தில் எடு. வளையலை மேலே ஏற்றிவிட்டு, பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை வைத்துக்கொள். வயதானால் கோடு பரவி இரண்டு ககரமும் ஒட்டிக்கொள்ளும், அளவு தெரிந்தால்தான் இடைவெளி விட முடியும் என்கிறார் கடைக்காரர். அம்மா எதற்கென்று கேட்டால் பேத்தி கோலம் படிக்கிறாள் என்று சொல், பாதி உண்மை. கோலம் மங்கிய இடத்தில் அம்மாவிடமே கேட்டு ஒரு தாளில் வரைந்து வாங்கு. பெயரையும் பார்த்து எழுதிக்கொள். படத்தை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம், அத்தானுக்கு வாசிக்க அதில் ஒன்றும் இருக்காது. செப்டம்பர் முதல் சனிக்கிழமைக்கு முன்பணம் கட்டியாயிற்று.

உன் கை துறுதுறுக்கும் என்று எனக்குத் தெரியும். தாளில் எழுதும்போது அந்தப் புள்ளியை மட்டும் வைத்துவிடாதே.

அன்புடன்,
தம்பி