மேல் பெர்த்தா, கீழ் பெர்த்தா: ஆசிய ரயில்களை முன்வைத்து ஓர் ஆய்வு

முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ஆசியாவை ரயிலிலேயே கடக்கக் கிளம்புகிறவர்கள் விசாவையும் வயிற்றுப்போக்கு மாத்திரையையும் மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள். ராத்திரி எந்த உயரத்தில் படுப்பது என்ற மூல வினாவை மட்டும் டிக்கெட் எடுக்கும் கடைசி நிமிடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அறிவுலகின் இந்தப் பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை. இதெல்லாம் ஓர் ஆய்வா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு முன்னுதாரணம்: ரயில் பயணிகள் வேதமாகக் கொண்டாடும் 'சீட் 61' தளத்தை 2001-இல் தொடங்கிய மார்க் ஸ்மித், யூரோஸ்டார் முதல் வகுப்பில் தமக்குப் பிடித்த இருக்கையின் எண்ணைத்தான் அதற்குப் பெயராக வைத்தார். உட்காரும் இடத்துக்கே அவ்வளவு மரியாதை!

பாங்காக்கிலிருந்து லாவோஸின் வியன்டியானுக்கு 2024 ஜூலை முதல் நேரடி இரவு ரயில் ஓடுகிறது. தாய்லாந்தின் இரண்டாம் வகுப்பில் கீழ் பெர்த்துக்குக் காசு அதிகம். அகலமும் ஜன்னலும் அதற்கே. மேலே ஏறினால் ஜன்னல் இல்லை, குறுகல், நடைபாதை விளக்கு நேராகக் கண்ணில் விழும். சிப்பந்தி வந்து மேல் பெர்த்தை இறக்கி, மெத்தை போட்டு, விரிப்பை இழுத்துச் செருகி, திரையைக் கொக்கியில் மாட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போவதற்குள் நாம் செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டோம்.

லாவோஸ் நம் துறைக்குப் பயன்படாத நாடு. தாய்லாந்திலிருந்து வரும் 1000 மி.மீ. அகலப் பாதை வியன்டியானில் ஒரு ஸ்டேஷனில் முடிகிறது. சீனாவின் 1435 மி.மீ. பாதை ஊரின் வேறொரு கோடியில் தொடங்குகிறது. அந்த 435 மில்லிமீட்டர் வித்தியாசத்தை வண்டி பிடித்துத்தான் கடக்க வேண்டும். அப்புறம் குன்மிங் வரை பகல் பயணம், உட்கார்ந்தபடியே. ஆய்வாளருக்கு வேலை இல்லை.

சீனாவில்தான் இத்துறை முழு வளர்ச்சி பெறுகிறது. ஹார்ட் ஸ்லீப்பர் என்ற படுக்கை வகுப்பில் கதவு கிடையாது. மூன்றடுக்காக ஆறு பேர். கீழ் அடுக்குக்கு விலை அதிகம், உச்சி அடுக்கு மலிவு. ஆனால் கூடுதல் காசு கொடுத்தவரின் மெத்தையில் பகல் முழுக்க ஊரே உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடுகிறது. உச்சியில் இருப்பவருக்கோ நிமிர்ந்து உட்காரவே வழியில்லை; படுத்தே வாழ வேண்டும். ஆகவே நடு பெர்த்தே உத்தமம். நம் ஊரில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத மிடில் பெர்த்துக்கு இப்படியொரு யோகம்.

ரஷ்யாவின் பிளாட்ஸ்கார்ட் என்ற படுக்கை வகுப்புப் பெட்டியில் 54 பெர்த். ஒற்றைப்படை எண் கீழ், இரட்டைப்படை மேல். இவ்வளவு தெளிவை வேறெந்த ரயில்வேயிடமும் காணேன். கீழ்ப் பலகையைத் தூக்கினால் அடியில் பை வைக்கப் பெட்டி. அதன் மேலேயே ஒருவர் தூங்குவதால் பூட்டு தேவையில்லை. மேல் பெர்த்காரரோ தம் முதுகுப்பையைத் தலைக்கு மேலுள்ள தட்டில் ஏற்ற வேண்டும். மாஸ்கோவிலிருந்து விளாடிவஸ்டாக் சுமார் 9,288 கி.மீ., ஏறக்குறைய ஒரு வாரம். அதற்குள் எத்தனை முறை சட்டை தேவைப்படும் என்று கணக்குப் போட்டுவிட்டு எண்ணைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இத்தரவுகளிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. சீனத்துப் பகல்நேர நூடுல்ஸ்காரர்களைக் கழித்துவிட்டால், விலை வேறுபடும் நாட்டில் பெர்த் தனிச்சொத்து. விலை ஒன்றாக இருக்கும் நாட்டில் கீழ் பெர்த் பொதுச்சொத்து. இந்தியாவில் மேலும் கீழும் ஒரே கட்டணம். அதனால்தான் வண்டி தாம்பரம் தாண்டுவதற்குள், "தம்பி, அம்மாவுக்கு முட்டிவலி, நீங்க மேல போயிக்கிறீங்களா?" என்று குரல் வந்துவிடுகிறது. பாங்காக் ரயிலில் இதைக் கேட்பதென்றால் கையில் வித்தியாசக் காசோடு அல்லவா வர வேண்டும்!

எனவே, ஆசியாவைச் சுற்றுவோர்க்கு ஆய்வாளரின் தீர்ப்பு: தாய்லாந்தில் கீழ், சீனாவில் நடு, ரஷ்யாவில் ஒற்றைப்படை. இந்தியாவுக்கு வந்தால் சைடு அப்பர் போடுங்கள். காலை நீட்ட முடியாது. ஆனால் அதை மாற்றிக் கேட்டு யாரும் வர மாட்டார்கள்.