ஆமை பார்க்க அன்புடன் அழைக்கிறோம்

சிங்காரப்பேட்டைக் குடும்பஸ்தர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கடலோர அதிசயம் பார்க்க அந்தமான் வரைக்கும் போய்ப் பணத்தைக் கரைக்க வேண்டாம். பொங்கல் லீவில் வண்டியைப் பிடித்து செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் தாண்டி ஈசிஆரில் ஏறினால் போதும். டிக்கெட் கிடையாது, கைடு கிடையாது. விலங்கு ஓடி ஒளியவும் செய்யாது. பிள்ளைகள் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். செத்தது கடிக்காது.

2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் பிணமாக ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. “கடல் ஆமை தண்ணியில மூழ்கிச் சாகுமாப்பா?” என்று சின்னவன் கேட்பான். சாகும் கண்ணு. அதற்குச் செவுள் இல்லை, நம்மைப் போல நுரையீரல்தான். மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் மடி, அதாவது இழுவை வலை, மணிக்கணக்கில் அடியில் இழுபட்டால், உள்ளே சிக்கியது மூச்சு முட்டிச் சாகும். அதுவும் முட்டையிடக் கரையை நெருங்கி வருகிற மாதத்தில். 1988 முதல் சென்னையில் மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக மணலில் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறார்கள். அவர்கள் முட்டை தேடும் மணலில்தான் தாயின் பிணமும் கிடக்கிறது.

சட்டம் இல்லையா? நம்மிடம் இல்லாத சட்டமா! 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆமையார் புலிக்குச் சமமாக வீற்றிருக்கிறார். 1983இல் வந்த மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் இருக்கிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது. மடிக்குள் ஆமை விலக்குக் கருவி வேண்டும் என்றும் விதி. பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை: சாய்வாக ஒரு கம்பிச் சட்டம். இறால் இடுக்கில் நுழைந்துவிடும், ஆமை முட்டித் திறப்பு வழியே வெளியே போய்விடும். “மீனும் போயிடுதே” என்கிறார் படகு முதலாளி. அவர் மனம் நோகக் கூடாதல்லவா? கருவி காகிதத்திலேயே பத்திரமாக இருக்கிறது.

ஆமையைக் கொல்லும் வலை என்று சொல்லி, நம் கடலில் பிடித்த இறால் வேண்டாம் என 2019இலேயே அமெரிக்கா கதவைச் சாத்திவிட்டது. அவர்களுக்கு ஆமை மேல் பாசமோ, வியாபாரக் கணக்கோ, எனக்கென்ன. நம் ஆமைக்காக அவர்களாவது ஒரு கதவைச் சாத்தினார்கள். இங்கே பிணம் ஆயிரத்தைத் தாண்டிய பிறகுதான் கூட்டம், ஆய்வு, கண்காணிப்பு எல்லாம்.

இதே சிங்காரப்பேட்டை வனச்சரகத்தில் ஒரு ஏழை முயலுக்குக் கண்ணி வைத்து மாட்டினால் வழக்கு, அபராதம், பேப்பரில் தலைகுனிந்த படம். தப்பில்லை, சட்டம் சட்டம்தான். முதல் அட்டவணைப் பிராணிகள் ஆயிரம் செத்ததற்கு எத்தனை முதலாளிகள் அப்படித் தலைகுனிந்து நின்றார்கள்? மலையில் வனச்சட்டத்துக்குப் பல் இருக்கிறது. கடற்கரைக்கு வந்ததும் பொக்கை வாய்.

ஆகவே வாருங்கள். 5 கடல் மைல் என்பது 9 கிலோமீட்டருக்கும் மேல். கரையில் நிற்கிற உங்களுக்கு மடி இழுக்கும் விசைப்படகின் பதிவு எண் தெரிந்தால், அந்தப் படகு அங்கே மடி இழுக்கவே கூடாது. செல்ஃபி எடுத்த கையோடு அதையும் ஒரு படம் எடுத்து மீன்வளத் துறைக்கு அனுப்புங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.