சும்மா ஒரு ரவுண்டு

“சும்மா ஒரு ரவுண்டு சார். ஏத்தம் இறக்கம் பெரிசா கிடையாது” என்றார் அலுவலக நண்பர். அவர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிறவர். நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம்தான் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார்.

ஞாயிறு விடிந்ததும் மதுரையிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி, மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போய் இறங்கினோம். புது ஷூ, தொப்பி, அடி எண்ணும் கைக்கடிகாரம், மகன் வாங்கித் தந்த இரும்பு முனைக் கோல். “திரும்பி வருவீங்கல்ல?” என்று மட்டும் மனைவி கேட்டிருந்தாள்.

ஊரைச் சுற்றி ஏழு மலைகள். யானைகள் குடும்பத்தோடு படுத்துக் கிடக்கிற மாதிரி வழுவழுப்பான பாறைகள். ஒன்றின் பெயர் வயிற்றுப்பிள்ளான் மலை, இன்னொன்று அகப்பட்டான் மலை. நான் வருவது தெரிந்து வைத்தாற்போல.

ஆனைகொண்டான் கண்மாய்க் கரை வரைக்கும் பிரமாதம். உயரத்தில் ஏதோ வட்டமடித்தது. “ராஜாளி சார்!” லகுடு, ஷாஹீன் வல்லூறு எல்லாம் சேர்த்து இங்கே 250 வகைப் பறவைகளாம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டிலுமாக 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். மலைப்பாம்பும் அந்தப் பட்டியலில் உண்டு என்பதை, நான் புதருக்குள் கால் வைத்த பிறகுதான் நண்பர் சொன்னார். அன்றைக்கு நான் வேகமாக நடந்தது அந்த இருபது அடிதான்.

கழிஞ்சமலையில் சமணர் படுக்கை. படுக்கை என்று கேட்டதுமே என் முதுகுக்கு ஆசை வந்துவிட்டது. தொல்லியல் துறைப் பலகை முறைத்ததால் அடக்கிக்கொண்டேன். குகை நெற்றியில் 2,000 ஆண்டுக்கு மேற்பட்ட தமிழி எழுத்து. நெல்வேலிக்காரர் ஒருவரும் இலஞ்சிக்காரர் ஒருவரும் குகையைக் கொடுத்தார்களாம். எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்துக்கு வழிவிடாமல் ‘உபயம்’ எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு மூதாதை இங்கேதான். பக்கத்திலேயே பாறையில் தீர்த்தங்கரர். அச்சணந்தி செய்வித்தது, பாதிரிக்குடியார் பாதுகாப்பு என்று அடியில் வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறது. அந்தக் காலத்திலேயே சிலையோடு வாட்ச்மேனையும் நியமித்துவிட்டார்கள்.

அடுத்து சிவன் குடைவரை. லிங்கத்தையும் அதே பாறையிலேயே வெட்டியிருக்கிறார்கள். வாசல் பக்கம் லகுலீசர் கையில் தண்டம் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். கையில் கோல் இருப்பவர் உட்காரலாம் என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டு, சற்றுத் தள்ளி ஒரு பாறையில் நானும் உட்கார்ந்தேன்.

ஷூவுக்குள் ஒரு கல் உறுத்தியது. கழற்றி எடுத்தேன். மறுகையால் கோலை ஊன்றி எழப் பார்த்தேன், வழுக்கியது. உறுதியான இடம் தேடிப் பாறையில் நாலு இடத்தில் டங் டங்கென்று தட்டினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். 6,212 அடி.

“என்னத்தத் தட்டிப் பாக்குறீக?”

ஆடு மேய்க்கிற இரண்டு பெண்கள். மூத்தவர் என் தொப்பி, கோல், கடிகாரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். “எந்த ஆபீசு?”

அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. 2024 நவம்பரில் இந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்ததும் சுற்றுவட்டார ஊர்கள் அத்தனையும் கொதித்தன. 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரைக்கும் ஆயிரக்கணக்கில் பேரணி போனார்கள். அதே மாதம் ஏலம் ரத்தானது. அப்படிப்பட்ட ஊரில் இரும்பு முனைக் கோலால் பாறையைத் தட்டிவிட்டு மணி பார்த்தவன் நான்.

“இல்லம்மா… சும்மா… வாக்கிங்…” அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

இளையவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “விடுங்க மதினி. இவுக எங்கிட்டு மலையத் தோண்டப் போறாக?”

நண்பர் திரும்பி நின்று சிரித்தார், முதுகு குலுங்கியது. பிழைத்தோம் என்று நகரப் பார்த்தேன். மூத்தவர் விடவில்லை.

“கையில என்னது அது?”

விரித்துக் காட்டினேன். ஷூவிலிருந்து எடுத்த கல். சுண்டைக்காய் அளவு இருக்கும்.

“அங்கிட்டே போட்டுட்டுப் போங்க.”

போட்டேன்.