காடிக்குள்ள இருக்கு கோளாறு

ஏப்பா பேராண்டி, இங்கிட்டு வந்து உக்காரு. அந்த கிடாரையும் எடுத்துட்டு வா. பயப்படாத, வாசிக்கச் சொல்ல மாட்டேன். நீதான் இன்னும் வாசிக்கவே ஆரம்பிக்கலையே! விடிஞ்சதுலருந்து முறுக்குற, 'டொய்ங்'னு ஒரு தட்டு தட்டுற, மறுபடி முறுக்குற. பக்கத்து வீட்டு அம்மா, "உங்க பேரன் என்னமா வாசிக்கிறான்"னு சொல்லிட்டுப் போகுது. நீ சுருதி கூட்டுறதையே பாட்டுன்னு நெனச்சிருச்சு. நானும் ஆமான்னு தலையாட்டிட்டேன். குடும்ப மானம்யா.

மொதல்ல கம்பி சரியில்லைன்ன. புதுக்கம்பி வந்துச்சு. பெறகு, கொடைக்கானல் கச்சேரில குளுருக்குச் சுருதி எறங்கிருச்சுன்ன. அட படிச்ச புள்ள, குளுருல இரும்புக்கம்பி சுருங்கும், சுருங்குனா விறைக்கும், விறைச்சா சுருதி ஏறத்தான செய்யும்? உனக்கு எறங்குது. பழி போட்டாலும் பாத்துப் போடணும். இப்ப முறுக்காணி ஆறையும் மாத்தணுமாம். அதுக்குப் பாட்டிகிட்ட அட்வான்ஸ் வேற வாங்கிட்ட.

நான் திண்டுக்கல் நாகல்நகர்ப் பட்டறையில பூட்டோட பூட்டாக் கெடந்து வளந்தவன். பூட்டு தெறக்கலேன்னா எல்லாரும் சாவியத்தான் திட்டுவாங்க. உள்ள லீவர் ஒட்டிக்கிட்டு நகராம நிக்கும், வெளிய சாவி ஏச்சு வாங்கும். 2019ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு குடுத்தாங்களே, வெளிய தொங்குற சாவிக்காகவா குடுத்தாங்க? உள்ள இருக்கிற வேலைக்குய்யா.

இந்தா, தலையும் கழுத்தும் சேர்ற எடத்துல குறுக்க ஒரு வெள்ளைக்கட்டை இருக்கு பாரு. நட்டுன்னு சொல்லுவீங்க. அதுல ஆறு காடி. கம்பி அந்தக் காடிக்குள்ள வழுக்கி வழுக்கிப் போய் வரணும். நீ கம்பிய வளைச்சு இழுக்கும்போது, முறுக்காணிப் பக்கத்துல இருந்து ஒரு மயிரிழை இந்தப் பக்கம் வருது. விட்டதும் அது திரும்பிப் போகணும். காடி சொரசொரன்னு இருந்தா போகாது, அங்கயே மாட்டிக்கும். இந்தப் பக்கம் கம்பி தொவண்டு போகும், சுருதி எறங்கிரும். நீ முறுக்குவ. இறுக்கம் காடிக்கு அங்கிட்டே சேந்துகிட்டே இருக்கும், இங்கிட்டு ஒண்ணும் தெரியாது. திடீர்னு 'டிக்'னு ஒரு சத்தம் போட்டுக் குதிக்கும், சுருதி மேல ஏறிரும். உடனே முறுக்காணி கெட்டுப்போச்சுங்கிற. முறுக்காணி ஏழைய்யா, அதுக்கு வாய் கிடையாது.

நம்பிக்கை இல்லையா? மூணாவது கம்பிய நல்லா வளைச்சு விடு. எறங்கிருச்சா? இப்ப நட்டுக்கும் முறுக்காணிக்கும் நடுவுல அதே கம்பிய விரலால ஒரு அமுக்கு அமுக்கி எடு. பழைய சுருதிக்கு வந்துருச்சுல்ல? அம்புட்டுத்தான், திருடன் கையும் களவுமா மாட்டிக்கிட்டான். மூணாவது கம்பிதான் எப்பவும் தகராறு பண்ணும். அங்கிட்டு மூணு, இங்கிட்டு மூணுன்னு முறுக்காணி வச்ச தலையில, நடுக்கம்பி ரெண்டும் காடியத் தாண்டுனதும் பக்கவாட்டுல ஒடிஞ்சு போகுது பாரு. ஒடியுற எடத்துல உரசல் ஜாஸ்தி.

அதுக்குன்னு நேத்து தேங்காண்ணெய்ப் பாட்டில எடுத்துட்டுப் போனியே, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எண்ணெய்க்கு ஊர்த்தூசியெல்லாம் சொந்தக்காரன். வந்து ஒட்டிக்கிட்டுப் பசையாயிரும். கொடைக்கானலுக்குப் போனா, 24 டிகிரிக்குக் கீழ அதுவே உறைஞ்சுரும். முறுக்குக்கம்பி இடுக்குல எறங்குச்சுன்னா நாதமும் செத்துப்போகும். பூட்டுக்குள்ள எண்ணெய ஊத்திட்டு வர்றவங்களை நாங்க சிரிச்சுக்கிட்டே வரவேற்போம். அடுத்த பூட்டும் நம்மகிட்டதான வாங்கணும்?

வேண்டியது பென்சில். கிராஃபைட்டு ஏடு ஏடா அடுக்கி இருக்கும், ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும், ஈரம் கிடையாது, தூசி ஒட்டாது. 1795ல கோன்டேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கிராஃபைட்டுல களிமண்ணக் கலந்து சுட்டு, பென்சில் பண்ண உரிமை வாங்குனாரு. களிமண் கூடுனா ஹெச் பென்சில், கிராஃபைட்டு கூடுனா பி பென்சில். பள்ளிக்கூடத்து நடராஜ் பென்சில் எச்பி, ஆத்திர அவசரத்துக்கு ஆகும். படம் வரையுற 4பி, 6பி இன்னும் மெத்துன்னு இருக்கும். வயலின்காரங்க கம்பி மாத்தும்போது இதைத்தான் தேய்க்கிறாங்க. கிடார் பிரசன்னா அந்தக் கிடார்லயே கர்நாடக சங்கீதம் வாசிக்கிறாரே, கமகத்துக்கு எம்புட்டு இழுக்கணும்! அவர் கேட்டாக்கூட நான் பென்சிலத்தான் சொல்லுவேன். அவர் கேக்கல, அது வேற விஷயம்.

ஒவ்வொரு கம்பியாத் தளத்து. காடில இருந்து தூக்கி ஓரமா வை. பழைய பல் தேய்க்கிற பிரஷால காடியச் சுத்தம் பண்ணு. பென்சில் முனையக் கூராச் சீவி, காடியோட அடியிலயும் ரெண்டு பக்கச் சுவர்லயும் கருப்பேறத் தேய். மூணு கம்பி மெலிசு, மூணு கம்பி அரம் மாதிரி முறுக்குச் சுத்துனது. அந்த மூணுக்கும் தாராளமாத் தேய், கஞ்சத்தனம் வேண்டாம். மிச்சத்தை ஊதித் தள்ளிட்டு, கம்பிய உள்ள வச்சு, கீழ இருந்து மேல ஏத்திச் சுருதி கூட்டு. மேல போயிட்டா எறக்கி நிறுத்தாத. நல்லா எறக்கிட்டு மறுபடி ஏத்து. அடுத்த தடவ கம்பி மாத்தும்போது இன்னொரு தேய்ப்பு. வெள்ளைக்கட்டை கருத்துப்போகும்னு மூஞ்சியத் தூக்காத. உன் பல்லைவிடப் பளிச்சுன்னுதான் இருக்கும்.

ஆனா ஒண்ணு. 9ஆம் நம்பர் கம்பி போட்டிருந்த கிடாருக்கு, தடிச்ச சத்தம் வேணும்னு 11 போட்டியாமே? மெலிஞ்ச கம்பிக்கு வெட்டுன காடி தடிச்ச கம்பியக் கவ்விப் பிடிக்கும். அதுக்குப் பென்சில் பெட்டியவே கரைச்சு ஊத்துனாலும் வழுக்காது. கம்பிக்கு ஏத்த சன்ன அரத்தால காடிய அகலப்படுத்தணும். அதை நீ செய்யாத, தெரிஞ்சவன்கிட்டக் குடு. அரத்தைப் பாத்தா உன் கை சும்மா இருக்காது. ஆழம் கூடிப்போச்சுன்னா கம்பி கழுத்துல இருக்கிற மொத மெட்டுல இடிச்சு இரையும், பெறகு புது நட்டுதான்.

அமெரிக்காவுல ஃபிளாய்ட் ரோஸ்னு ஒருத்தர், காடியோட மல்லுக்கட்ட முடியாம, நட்டுலயே கம்பியத் திருகாணி வச்சு இறுக்கிப் பூட்டிட்டாரு. 1979ல காப்புரிமையும் வாங்கிட்டாரு. வழுக்கவும் வேண்டாம், மாட்டவும் வேண்டாம். பூட்டுன்னா நம்ம ஊர்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், மாங்காய்ப் பூட்டே போட்டுக் குடுத்திருப்போம்.

சரி, எந்திரி. கடைக்குப் போயி 4பி பென்சில் ஒண்ணு வாங்கிட்டு வா. முறுக்காணிக்குன்னு வாங்குன காசைப் பாட்டி சுருக்குப் பையில திருப்பிப் போட்டுரு. அந்தப் பைக்குப் பூட்டு கிடையாது, ஆனா உள்ள எம்புட்டு இருந்துச்சுன்னு அவளுக்குத் தெரியும்.