சத்தியமா தெரியாதுங்க!

2010 ஜூன். ஐஃபோன் 4 கடைக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் நேராக ஸ்டீவ் ஜாப்ஸுக்கே ஒரு ஈமெயில் தட்டிவிட்டார். காங்கோவில் துப்பாக்கிக்காரர்கள் கப்பம் வாங்கும் சுரங்கத்துக் கனிமம் உங்கள் போனில் இல்லையே? ஜாப்ஸும் பதில் போட்டார். சப்ளையர்களிடம் எழுதி வாங்குகிறோம், ஆனால் நிஜமாகவே தெரிந்துகொள்ள அவர்களுக்கே வழியில்லை என்பது சாரம். யார் கண்ணிலும் படாத சர்க்யூட் போர்டுகூட அழகாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்த மனிதர்! அந்த போர்டைப் பற்றவைத்த வெள்ளீயம் எந்த ஊர் என்று கேட்டதும் கையை விரித்துவிட்டார்.

அவரைத் திட்டாதீர்கள். இந்தக் கதையில் முதல் ரவுண்டிலேயே உண்மை பேசிய ஒரே பெரிய மனிதர் அவர்தான்.

விவகாரம் நான்கு உலோகங்களைப் பற்றியது. சால்டரிங்குக்கு வெள்ளீயம், கெபாசிட்டருக்கு டான்டலம், கனெக்டர் முலாமுக்குத் தங்கம், மீட்டிங் நடுவில் போன் 'விர்ர்ர்' என்று உதறுகிறதே, அதற்கு டங்ஸ்டன். கிழக்குக் காங்கோவில் ஆயுதக் குழுக்கள் சுரங்க வாசலிலும் சாலையிலும் நின்று இவற்றுக்கு வசூல் போட்டன. அந்தக் காசு மறுபடி துப்பாக்கியாயிற்று. இதைத் தடுக்க அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. எதில் தெரியுமா? வங்கிச் சீர்திருத்தச் சட்டத்தில்!

2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வந்த டாட்-ஃபிராங்க் சட்டம் அது. 2010 ஜூலை 21-ல் ஒபாமா கையெழுத்துப் போட்டார். கடைசிப் பக்கங்களில், 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பின் கீழ், பிரிவு 1502 என்று காங்கோ உட்கார்ந்திருந்தது. இதற்காக முன்பிருந்தே மசோதாவும் கையுமாக அலைந்த செனட்டர்களில் இருவர் சாம் பிரவுன்பேக், ரஸ் ஃபைன்கோல்ட். இறுதி வாக்கெடுப்பில் இருவரும் என்ன செய்தார்கள்? 'வேண்டாம்' என்று வாக்களித்தார்கள். குடியரசுக் கட்சிக்காரரான பிரவுன்பேக் தன் கட்சியோடு நின்றார். ஃபைன்கோல்டுக்கோ வங்கிகளைக் கட்டிப்போட்டது போதவில்லை. பாவம், காங்கோ பக்கம் இருவருமே திரும்பவில்லை.

சட்டம் அந்தக் கனிமத்தை வாங்காதே என்று சொல்லவே இல்லை என்பது இன்னும் பெரிய வேடிக்கை. காங்கோவிலிருந்தோ அதன் ஒன்பது பக்கத்து நாடுகளிலிருந்தோ வருகிறதா என்று விசாரி, விசாரித்ததை ஊருக்குச் சொல், அவ்வளவுதான். சொல்ல வேண்டிய இடம் எஸ்.இ.சி., நம்ம செபிக்கு அமெரிக்க அண்ணன். சுரங்கத்தைக் கண்ணால் பார்த்த ஒரு ஆள் அங்கே இருந்திருந்தால் ஆச்சரியம்தான்.

சரி, எப்படி விசாரிப்பது? போன் கம்பெனி தன் சப்ளையரைக் கேட்கும். அவர் தன் சப்ளையரைக் கேட்பார். இப்படியே இறங்கி உருக்காலை வரை போக வேண்டும். பத்து நாட்டுத் தாதும் ஒரே உலையில் கலந்தபிறகு ஜாதகம் பார்க்க முடியாது என்பதால், உருக்காலையைத் தணிக்கை செய்து நம்புவதுதான் ஏற்பாடு. இத்தனை பெரிய உலக விசாரணை எதில் நடந்தது என்கிறீர்கள்? ஒரு எக்ஸெல் ஃபைலில். ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் வந்து நிற்கும் அதே எக்ஸெல்தான். தொழிற்சாலை பர்ச்சேஸ் டிபார்ட்மெண்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள், பெருமூச்சு வரும்.

அந்த ஃபைலில் உருக்காலைப் பெயர்களின் பட்டியல் உண்டு, பார்த்து டிக் அடிக்கலாம். சப்ளையர்களும் சளைக்காமல் அடித்தார்கள். 2014 ஜூனில் முதல் அறிக்கைகள் வெளியாயின. பல அமெரிக்கக் கம்பெனிகளின் தங்கம் சுத்திகரித்தவர் பட்டியலில் ஒரு பெயர் பளிச்சென்று இருந்தது: வட கொரியாவின் மத்திய வங்கி! பொருளாதாரத் தடை போட்ட அமெரிக்க அரசிடமே அதன் கம்பெனிகள் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்த தகவல் இது. காங்கோவைத் தேடப் போனவர்கள் கிம் ஜாங் உன் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

அந்த முதல் வருஷம் 1,300-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் அறிக்கை கொடுத்தன. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் கணக்கெடுத்ததில், சுமார் 67 சதவீதம் தங்கள் கனிமம் எந்த நாடு என்று தெரியவில்லை என்றன. இந்தப் பதிலுக்கு விதியிலேயே குறைந்தது இரண்டு வருஷத்துக்கு இடமும் ஒதுக்கியிருந்தார்கள்: 'தீர்மானிக்க இயலவில்லை'. நாம் பரீட்சையில் எழுதினால் முட்டை, அவர்கள் எழுதினால் டிஸ்க்ளோஷர்!

அரசாங்கம் மட்டும் சளைத்ததா? உலகத்து உருக்காலைகளைப் பட்டியல் போடும் வேலை வணிகத் துறைக்கு. நானூறுக்கும் மேற்பட்ட பெயர்களை அடுக்கிவிட்டு, இதில் எது ஆயுதக் குழுக்களுக்குப் பணம் போகும் ஆலை என்று பிரித்துச் சொல்ல எங்களால் முடியாது என்று குறிப்பும் எழுதியது. இடையில் உற்பத்தியாளர் சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. எங்கள் பொருள் 'மோதலற்றது என்று கண்டறியப்படவில்லை' என்று எங்கள் வாயாலேயே சொல்ல வைப்பது பேச்சுரிமைக்கு விரோதம் என்றது. 2014 ஏப்ரலில் அப்பீல் கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. ஆக, வாயை மூடிக்கொண்டிருப்பதும் பேச்சுரிமைதான்.

சுரங்கத்தின் பக்கம் வாருங்கள். அங்கே ஏற்பாடு ஒரு பிளாஸ்டிக் டேக். தோண்டிய இடத்தில் மூட்டையில் ஒன்று கட்டுவார்கள், வியாபாரியிடம் போனதும் இன்னொன்று. அது கோயில் வாசல் செருப்பு டோக்கன் மாதிரிதான். டோக்கன் நிஜம், செருப்பு யாருடையது என்பதற்கு அது பொறுப்பில்லை. டேக்குகளே கள்ளச் சந்தையில் விலைக்குப் போயின, ஐ.நா. நிபுணர்களே எழுதினார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை. 2010 செப்டம்பரில் காங்கோ ஜனாதிபதி கபிலா கிழக்கு மாகாணங்களில் சுரங்க வேலையையே தடை செய்தார். ஆறு மாதம் கழித்துத் தடை நீங்கியபோது, டேக் இல்லாத தாதை வாங்க வெளிநாட்டு ஆலைகள் மறுத்துவிட்டன. மண்வெட்டியால் தோண்டிப் பிழைத்தவர்கள் வாஷிங்டன் காகிதத்தால் வேலை இழந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஒபாமா சட்டம்'. தங்கம் மட்டும் கவலையே படவில்லை. சட்டைப் பைக்குள் அடங்குகிற சரக்குக்கு மூட்டை எதற்கு, டேக் எதற்கு?

2024-ல் அதே தணிக்கை அலுவலகம் இன்னொரு அறிக்கை போட்டது. இந்த விதியால் காங்கோவில் அமைதி மேம்படவில்லை என்பதைத் தலைப்பிலேயே போட்டுவிட்டார்கள், உள்ளே படிக்கும் சிரமம்கூட வைக்கவில்லை. ஆனால் தன் உலோகத்தை யார் உருக்குகிறார்கள் என்றே கேட்காமல் இருந்த கம்பெனிகளைக் கேட்க வைத்ததும், உருக்காலைகளின் கதவைத் தணிக்கையாளருக்குத் திறக்க வைத்ததும் இதே காகிதம்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு முன்பே, 2017-ல் எஸ்.இ.சி.யின் தற்காலிகத் தலைவர் பெரிய மனசு பண்ணினார். முழு விசாரணை அறிக்கை தராவிட்டாலும் நடவடிக்கை எடுக்கச் சொல்ல மாட்டோம் என்ற அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகும் வருஷாவருஷம் கம்பெனிகள் அறிக்கையோடு வரிசையில் நிற்கின்றன. கோபால்ட்டுக்கும் மைக்காவுக்கும் தனியாக இன்னொரு எக்ஸெல்கூட வந்துவிட்டது. நிரப்புகிறவர்கள் பயப்பட வேண்டாம், 'தெரியாது' என்ற ஆப்ஷன் அதிலும் இருக்கிறது.